நெற்றிக்குப் பின்னால் ஒரு குடித்தனம்

ஜூலை 7, திங்கள்

இன்று காலை இவர் பாடினார். குளியலறையில் தண்ணீர்ச் சத்தத்துக்கு நடுவே அல்ல. கூடத்தில், என் எதிரே, சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே. ஏதோ பழைய பாட்டு. பாதி வரி தப்பு. இட்லித் தட்டைக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டேன். ஆவி கையைச் சுட்டது அப்புறம்தான் தெரிந்தது.

லென்ஸ் கம்பெனிக்காரர்கள் புத்தாண்டுக்குக் கொடுத்த டைரி சும்மா கிடந்தது. இதை யாரிடமாவது சொல்லியாக வேண்டும். மகள் கோதையிடம் சொல்லலாம்தான். ஆனால் அவளிடம் நான் பேசுவதே இவருக்குத் தெரியாமல், மாடியில் துணி காயப்போடும் சாக்கில். அப்பா பாடினார் என்றால் "எந்த அப்பாம்மா?" என்பாள். அதனால் இதில் எழுதுகிறேன்.

ஜூலை 11, வெள்ளி

எங்கள் கண்ணாடிக் கடையைப் பற்றி ஈரோட்டில் எல்லாருக்கும் ஒரே அபிப்பிராயம்தான்: கண்ணாடி நன்றாக இருக்கும், திருஞானம் சிரிக்க மாட்டார். பேரம் பேசினால் ஃப்ரேமை வாங்கிப் பெட்டிக்குள் வைத்து மூடிவிடுவார். அந்த மனுஷன் இன்று ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவருக்கு ஃப்ரேமைச் சும்மாவே கொடுத்திருக்கிறார். கேட்டால், "அந்தக் கண்ணு எத்தனை பரீட்சைப் பேப்பர் திருத்தியிருக்கும், பாவம்" என்கிறார்.

சாயங்காலம் மல்லிகைப்பூ வாங்கி வந்தார். "இந்தா" என்று நீட்டவில்லை. "அரசி" என்று பேர் சொல்லிக் கூப்பிட்டார். என் முழுப்பேர் மங்கையர்க்கரசி என்பது எனக்கே எப்போதாவது ஆதார் அட்டையைப் பார்த்தால்தான் ஞாபகம் வரும். பூவை வைத்துக்கொண்டு கண்ணாடி முன்னால் போய் நின்றேன். பிறகு என்னவோ போலிருந்தது, போய்ப் பாத்திரம் தேய்த்தேன். தேய்த்த பாத்திரங்களையே தேய்த்தேன்.

ஜூலை 18, வெள்ளி

வடிவு நங்கை வந்தார். இவருடைய அக்கா, பக்கத்துத் தெரு. "என்ற தம்பி பஜார்ல நின்னு கண்டவங்கூட சிரிச்சுப் பேசறானாமா? எவளாச்சும் மருந்து வெச்சுட்டாளா?" என்றார். என்னைப் பார்த்துக்கொண்டேதான் கேட்டார். நானே வைத்தால்கூட இவ்வளவு நன்றாக வேலை செய்யாது என்று சொல்ல வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன்.

இவருக்குத் தலைவலி இருக்கிறது. சொல்ல மாட்டேன் என்கிறார். நெற்றியை இரண்டு விரலால் அழுத்திக்கொண்டே ஜோக் அடிக்கிறார்.

ஜூலை 23, புதன்

பாத்திரம் அப்படியே கிடக்கிறது, முதலில் இதை எழுதிவிடுகிறேன்.

மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவி வந்தவர் என் போனை எடுத்தார். "கோதை நம்பர் எது?" என்றார். மாடி விவகாரம் தெரிந்துபோயிற்று என்றுதான் நினைத்தேன். அவள் பிரிட்டோவைப் பதிவுத் திருமணம் செய்துகொண்ட வாரமே ரேஷன் கார்டிலிருந்து அவள் பேரை எடுத்த மனுஷன் இவர். வாசல் பூட்டைக்கூட மாற்றினார். இரண்டு வருஷமாக அவள் பேர் இந்த வீட்டில் சத்தமாகச் சொல்லப்பட்டதில்லை.

போட்டுக் கொடுத்தேன். "அம்மிணி, அப்பன் பேசறேன். நீ வா. உன்ற வீட்டுக்காரரையும் கூட்டிட்டு வா. எனக்கு உங்களைப் பாக்கோணும்" என்றார். அவ்வளவுதான். என்னிடம் போனைக் கொடுத்துவிட்டுக் கடைக்குக் கிளம்பிவிட்டார், தெருமுனை வரை சும்மா போய் வருகிறவர் மாதிரி.

போனைக் காதில் வைத்தேன். கோதை மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு, "அம்மா, அப்பாவுக்கு உடம்பு நல்லாத்தான் இருக்குதா?" என்றாள். என் பெண்ணுக்கு எப்போதும் மூளை ஜாஸ்தி. அவளுக்கும் மாப்பிள்ளைக்கும் ஒன்றாக லீவு கிடைப்பது ஆகஸ்ட் முப்பதுதானாம். அன்றைக்குத் திருச்சியிலிருந்து வருகிறார்கள்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

கடையில் விழுந்துவிட்டார். கை கால் வெட்டி வெட்டி இழுத்ததாம், வாயில் நுரையாம். பக்கத்துக் கடைக்காரர்கள் ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு எனக்குச் சொன்னார்கள். நான் போகும்போது எழுந்து உட்கார்ந்திருந்தார். என்னை அடையாளம் தெரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அந்தக் கொஞ்ச நேரத்தை இனி நினைக்கக் கூடாது.

ஸ்கேன் எடுத்தார்கள். வலிப்புக்கு மாத்திரை, காலையும் ராத்திரியும்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

டாக்டர் ஷமீம் நிதானமான பெண்மணி. ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் மாட்டி, இவர் நெற்றிக்குப் பின்னால் இரண்டு வெள்ளை வட்டத்தைக் காட்டினார். ஒவ்வொன்றுக்கும் உள்ளே ஒரு சின்னப் புள்ளி.

"இது புழுங்கம்மா. பன்னி நாடாப்புழுவோட குஞ்சு. உயிரோட இருக்கு."

"நாங்க சைவமுங்க" என்றேன். முட்டைகூடத் தொடாத குடும்பம். என் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது போலிருக்கிறது, நர்ஸ் திரும்பிப் பார்த்தாள்.

பன்றிக்கறி தின்றவருக்கு வயிற்றில்தான் புழு வருமாம். அவர் கழிவிலிருந்து முட்டை மண்ணுக்கும் தண்ணீருக்கும் போய், சரியாகக் கழுவாத பச்சைக் காய் கீரை வழியாக யார் வாய்க்குள் போனாலும், அது ரத்தத்தில் ஏறி மூளைக்கு வந்து கூடு கட்டுமாம். சைவம் அசைவம் எல்லாம் அதற்குத் தெரியாதாம். "பச்சையா ஏதாச்சும் சாப்பிடுவீங்களா சார்?" என்று கேட்டார். நான் இவரைப் பார்த்தேன். நாலைந்து வருஷமாக இயற்கை உணவுப் பைத்தியம். காலை நடையில் அருகம்புல் சாறு, அப்புறம் பச்சைக் கேரட், பச்சை முட்டைக்கோஸ், கொத்தமல்லித் துவையல். அடுப்பில் வைத்தால் சத்து போய்விடும் என்று என் சமையலையே குறை சொன்னவர்.

"நோய் வரக்கூடாதுன்னு குடிச்சனுங்க" என்று சொல்லிவிட்டு இவரே சிரித்தார். "நெத்திக்குப் பின்னால குடித்தனம் வெச்சிருக்காங்க. அட்வான்சும் இல்ல, வாடகையும் இல்ல."

சிரிப்பைப் பார்த்ததும் டாக்டர் கேட்டார்: "இவர் எப்பவுமே இப்படித்தானா?"

இல்லை என்று சொன்னேன். பாட்டைச் சொன்னேன், பூவைச் சொன்னேன், போன் பண்ணியதைச் சொன்னேன். சொல்லும்போதே ஏன் சொல்கிறோம் என்றிருந்தது. நெற்றிக்குப் பின்னால் இருக்கும் பகுதிதான் மனுஷனுக்குக் கடிவாளமாம். அங்கே ஏதாவது உட்கார்ந்து அழுத்தினால் சுபாவம் மாறலாமாம். சிலர் அழுதுகொண்டே இருப்பார்களாம், சிலர் யாரையும் நம்ப மாட்டார்களாம், சிலர் இப்படிக் கலகலவென்று ஆகிவிடுவார்களாம். உயிரோடு இருக்கும் புழு தன்னைச் சுற்றி ஏதோ சாரத்தைக் கசியவிட்டு, உடம்பின் காவலைத் தூங்கவைத்துக்கொண்டே இருக்குமாம். எலிக்குப் பூனை பயத்தையே மறக்கடிக்கிற கிருமி எல்லாம் உண்டாம்.

"மருந்து சாப்பிட்டா இது செத்துரும். சாகும்போது மூளை வீங்கும், அதுக்குத்தான் முதல்ல ஸ்டீராய்டு. அப்புறம் புழு மாத்திரை. நெய், கொழுப்பு சேர்த்த சாப்பாட்டோட குடுங்க, அப்பத்தான் உடம்புல ஏறும். தள்ளிப்போடக் கூடாதுங்கம்மா. இன்னொரு தடவை வலிப்பு பெருசா வந்தா ஆபத்து."

"செத்துட்டா இவரு பழையபடி ஆயிருவாருங்களா?"

டாக்டர் நான் நல்லபடியாகக் கேட்கிறேன் என்று நினைத்தார். "பெரும்பாலும் ஆயிருவாருங்க. கவலைப்படாதீங்க."

கிளம்பும்போது படத்தில் இன்னொரு இடத்தைக் காட்டினார். சுண்ணாம்புப் பொட்டு மாதிரி ஒன்று. அது எப்போதோ வந்து, தானே செத்து, கல்லாகிப்போன புழுவாம். பல வருஷம் ஆகியிருக்குமாம். அது இருந்தபோது என்ன செய்தது என்று கேட்டேன். "அதை எந்த ஸ்கேனும் சொல்லாதுங்கம்மா" என்றார்.

ஆகஸ்ட் 13, புதன்

வீட்டில் இருக்கும் எல்லாரும், அடிக்கடி வந்து சாப்பிடுகிறவர்களும் மலப் பரிசோதனை செய்ய வேண்டுமாம், புழு யாரிடமிருந்தாவது வந்ததா என்று பார்க்க. நங்கையிடம் சின்ன டப்பாவைக் கொடுத்தேன். அவர் அதை வாங்கின விதத்தை எழுத எனக்குத் திறமை போதாது.

"பன்னிப் புழுவா? எங்க வம்சத்துலயா? அந்த டாக்டருக்குப் படம் பாக்கத் தெரியல. இல்லாட்டி உன்ற மாப்பிள்ளை வூட்டுலருந்து வந்திருக்கும்."

"மாப்பிள்ளை இந்த வாசப்படியே மிதிக்கலீங்களே நங்கை."

"போன்ல பேசுனானல்ல" என்றார்.

டப்பாவைக் கொண்டுபோய்த்தான் விட்டார். சாயங்காலத்துக்குள் யாருக்கும் ஒன்றும் இல்லை என்று வந்தது. எங்கிருந்து வந்தது என்பது கடைசிவரை தெரியப்போவதில்லை.

ஆகஸ்ட் 14, வியாழன்

மாத்திரை எல்லாம் வாங்கி அலமாரியில் வைத்தாயிற்று. வேளாவேளைக்கு எடுத்துக் கொடுக்கும் பொறுப்பு என்னுடையது. ஆடி இன்னும் முடியவில்லை. இவ்வளவு பெரிய வைத்தியத்தை ஆடியில் தொடங்க வேண்டாம் என்று பட்டது. இரண்டு நாள்தானே.

வலிப்பு மாத்திரையை மட்டும் தவறாமல் கொடுக்கிறேன்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

ஆவணி பிறந்துவிட்டது. ஆனால் நேற்று அஷ்டமி, இன்று நவமி. இவரிடமும் அப்படியே சொன்னேன். நங்கையே கூட இதை ஒத்துக்கொள்வார்.

இவர் இன்று வாசலில் நின்று பால்காரருடன் பேசிப் பேசி அவரை உள்ளே கூப்பிட்டுக் காப்பி கொடுக்கச் சொன்னார். பால்காரரிடமிருந்தே பாலை வாங்கி அவருக்கே காப்பி. மூன்று பேரும் சிரித்தோம்.

ஆகஸ்ட் 20, புதன்

பிரதோஷம். இவர் விரதம். கொழுப்புச் சாப்பாட்டோடுதான் கொடுக்க வேண்டும் என்றாரே டாக்டர். விரதத்தில் எப்படிக் கொடுப்பது?

ஆகஸ்ட் 21, வியாழன்

நெய் தீர்ந்துவிட்டது.

ஆகஸ்ட் 22, வெள்ளி

கோதைக்குப் பிடிக்குமே என்று மைசூர்பாகு கிளறிப் பார்த்தேன், முப்பதாம் தேதிக்கு முன்னால் கை பழகட்டும் என்று. நெய் தாராளமாகவே விட்டேன். பதம் கொஞ்சம் தப்பிவிட்டது. இவர் ஒரு துண்டை வாயில் போட்டு, "கோதை பல்லுக்கு ஏத்தாப்புல இருக்குது" என்றார். அவளுக்குச் சின்ன வயதில் இரண்டு முன்பல் விழுந்து வெகு நாள் முளைக்கவே இல்லை. அது இவருக்கு ஞாபகம் இருக்கிறது. இரண்டு வருஷமாக அவள் முகம்கூட மறந்துபோன மாதிரி இருந்தவருக்கு.

கோதை பிறந்த புதிதில் இவர் இப்படித்தான் இருந்தார். எனக்கு இப்போதுதான் ஞாபகம் வருகிறது, அல்லது நானாக ஞாபகம் வரவைத்துக்கொள்கிறேன். எப்போது சிரிப்பு நின்றது? அந்தச் சுண்ணாம்புப் பொட்டு எப்போது வந்தது? அந்தப் புழுதான் இவரைக் கல்லாக்கியதோ? அப்படியானால் இந்த இரண்டும் அதைச் சரிக்கட்ட வந்தவையா? உட்கார்ந்து யோசித்தால் தலை சுற்றுகிறது. எழுந்து ஜன்னல் கம்பியெல்லாம் துடைத்தேன்.

ஆகஸ்ட் 25, திங்கள்

ஆஸ்பத்திரியிலிருந்து நர்ஸ் போன். "புழு மாத்திரை ஆரம்பிச்சாச்சுங்களாம்மா?"

"நடந்துக்கிட்டிருக்குதுங்க" என்றேன்.

என்ன நடந்துகொண்டிருக்கிறது என்று அவள் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 28, வியாழன்

முப்பதாம் தேதி போய்விடட்டும். அவர்கள் வந்து, இந்த மனுஷனைப் பார்த்து, ஒரு வேளை ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போகட்டும். அதன் பிறகு யார் எந்தக் கதவைச் சாத்தினாலும் சாத்திக்கொள்ளட்டும். ஞாயிற்றுக்கிழமை முதல் கட்டாயம் கொடுத்துவிடுவேன்.

தலைவலி அதிகமாக இருக்கிறது என்று இன்று அவரே சொன்னார். தைலம் தேய்த்துவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டு, "அரசி, இப்பிடியே இருந்தா நல்லா இருக்குமல்ல?" என்றார். தைலத்தைச் சொன்னாரா, வேறு எதையாவது சொன்னாரா என்று கேட்கவில்லை.

ஆகஸ்ட் 30, சனி

வந்தார்கள். இரண்டு வருஷத்தில் கோதை கொஞ்சம் இளைத்திருக்கிறாள். பிரிட்டோ கூச்ச சுபாவம், தடித்த கண்ணாடி, செருப்பைச் சுவரோரமாக நேராக வைத்துவிட்டுத்தான் உள்ளே வந்தார். இவர் அவர் தோளில் கையைப் போட்டுக் கூட்டிவந்து தன் பக்கத்தில் உட்காரவைத்தார். இலை போட்டேன். நான் பரிமாறிக்கொண்டே அழுதேன், வெங்காயம் என்று யாரும் கேட்காமலே சொன்னேன். விஷயம் தெரிந்து நங்கையும் வந்துவிட்டார். முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு, ஆனால் இரண்டாம் தடவை ரசம் வாங்கிச் சாப்பிட்டார்.

கை கழுவ எழுந்த இவர் அப்படியே சாய்ந்தார்.

கடையில் நடந்ததை நான் பார்க்கவில்லை. இன்று பார்த்தேன். அது என் புருஷனின் முகமே இல்லை. நங்கை சாவிக்கொத்தை எடுத்துவந்து கையில் திணிக்கப் பார்த்தார். பிரிட்டோ கீழே உட்கார்ந்து இவர் தலையைத் தன் மடியில் ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டார். இவர் கை வெட்டி இழுத்ததில் பிரிட்டோவின் கண்ணாடி தெறித்துச் சுவரில் மோதி உடைந்தது. அவர் பிடித்த பிடியை விடவில்லை. அடங்கியது என்று நினைத்தபோது மறுபடி வந்தது. மறுபடியும் வந்தது. ஆம்புலன்ஸில் நான் சாமி பேரைக்கூடச் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை, ஞாயிற்றுக்கிழமை என்றே சொல்லிக்கொண்டு வந்தேன்.

ஆகஸ்ட் 31, ஞாயிறு

பிழைத்துக்கொண்டார்.

டாக்டர் ஷமீம் கட்டில் பக்கத்தில் நின்று கேட்டார். கோதை இருந்தாள், பிரிட்டோ இருந்தார், நங்கை இருந்தார்.

"மூளைல வீக்கம் ஜாஸ்தியா இருக்கு. புழு ரெண்டும் அப்படியே இருக்கு. மாத்திரை குடுத்தீங்களாம்மா?"

இல்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். சத்தியமாகச் சொல்லத்தான்.

"அவ குடுத்தாளுங்க" என்றார் இவர், கண்ணைத் திறக்காமல். "நாந்தான் முழுங்காம துப்பிட்டனுங்க. கசந்துச்சு."

டாக்டர் அவரைத் திட்டினார். நங்கை அவரைத் திட்டினார். கோதை, "ஏம்ப்பா இப்படிப் பண்ணீங்க?" என்று அழுதாள். இவர் வாங்கிக்கொண்டார். என்னை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

எல்லாரும் போன பிறகு, "நான் குடுக்கலைன்னு உங்களுக்கு எப்பத் தெரிஞ்சுதுங்க?" என்று கேட்டேன்.

"நீ அஷ்டமி பாக்கறவளா?" என்றார். பிறகு தூங்கிப்போனார்.

செப்டம்பர் 9, செவ்வாய்

ஆஸ்பத்திரியிலேயே மருந்தைத் தொடங்கிவிட்டார்கள். இப்போது நான் அலாரம் வைத்துக் கொடுக்கிறேன். நெய் ஊற்றி, பிசைந்து, முழுங்கும்வரை நின்று பார்த்து. ஸ்டீராய்டில் முகம் வீங்கிவிட்டது, சர்க்கரை ஏறிவிட்டது. சாம்பாரில் உப்பு இல்லை என்று தட்டைத் தள்ளினார். உப்பு இருந்தது.

கோதையும் பிரிட்டோவும் லீவு முடிந்து ஊருக்குப் போய்விட்டார்கள்.

செப்டம்பர் 24, புதன்

மருந்து முடிந்தது. வலிப்பு மாத்திரை மட்டும் தொடர வேண்டும். ஸ்கேன் டிசம்பரில்.

இவர் பேச்சு குறைந்துகொண்டே வருகிறது. பேப்பரை விரித்தால் முகம் தெரிவதில்லை. இன்று "இந்தா" என்றார். தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு மாடிக்குப் போய் நின்றேன். கொடியில் துணி எதுவும் இல்லை.

நங்கைக்கு ஏக திருப்தி. "என்ற தம்பி திரும்பி வந்துட்டான்" என்றார். ஆமாம், வந்துவிட்டார்.

அக்டோபர் 7, செவ்வாய்

தீபாவளிக்குக் கோதை வரட்டுமா என்று கேட்டேன். பேப்பர் இறங்கவில்லை.

"வேண்டாம்."

"நீங்கதானுங்களே கூப்பிட்டீங்க, அன்னைக்கு."

"அது நானில்ல. சீக்கு பேசுச்சு. டாக்டரே சொன்னாங்கல்ல."

கூடத்தில் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். உட்கார முடியவில்லை. என்னுள் என்னவோ ஏறிக்கொண்டே வந்தது. எனக்கு எந்தப் புழுவும் இல்லை, பரிசோதனை செய்து பார்த்தாயிற்று.

"சரிங்க. கூப்பிட்டது சீக்கு. அப்ப ரெண்டு வருஷம் பெத்த புள்ளைகிட்டப் பேசாம இருந்தது யாருங்க? அந்தச் சுண்ணாம்புப் பொட்டா? நல்லது செஞ்சா புழு, கெட்டது செஞ்சா நீங்களா? எனக்காகப் பழியை ஏத்துக்கிட்டீங்களே ஆஸ்பத்திரில, அது யாருங்க? அன்னைக்கும் புழு உசுரோடதான் இருந்துச்சு."

நான் போனை எடுத்து அங்கேயே, அவர் எதிரிலேயே கோதையைக் கூப்பிட்டேன். மாடிக்குப் போகவில்லை.

"அம்மிணி, தீபாவளிக்கு ரெண்டு பேரும் வாங்க. சனிக்கிழமையே வந்துருங்க. யாரு கூப்பிட்டான்னு கேட்டியா? அம்மா கூப்பிடறேன். நல்ல புத்தியோட கூப்பிடறேன்."

போனை வைத்தேன். இவர் எழுந்து கடைக்குப் போய்விட்டார்.

அக்டோபர் 10, வெள்ளி

பேசவில்லை.

அக்டோபர் 13, திங்கள்

பேசவில்லை. வாசல் பூட்டை எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடி மாற்றப்போகிறார் என்றே நினைத்தேன். எண்ணெய் விட்டுவிட்டு மாட்டினார்.

அக்டோபர் 15, புதன்

எனக்கு என்ன செய்வது என்றே தெரியவில்லை.

சாயங்காலம் கடையிலிருந்து வந்தவர் ஒரு கண்ணாடிக் கூட்டை மேஜைமேல் வைத்தார். "மாப்பிள்ளைக்கு" என்றார். திறந்து பார்த்தேன். புது ஃப்ரேம், மெல்லிய லென்ஸ். அன்றைக்கு உடைந்த கண்ணாடியின் சில்லுகளைப் பேப்பரில் மடித்து அலமாரி மூலையில் போட்டதோடு நான் மறந்துவிட்டேன். இவர் அதைத் தேடி எடுத்து, கடையில் மிஷினில் வைத்து, பவர் பார்த்திருக்கிறார். எப்போது செய்தார், தெரியாது.

"பாவம், இத்தனை பவரை வெச்சுக்கிட்டு அவ்வளவு தடிக் கண்ணாடி போட்டிருக்கான். மூக்கு என்னத்துக்காகும்? அவனுக்கு அதை வித்த கடைக்காரன் ஒரு திருட்டுப் பய" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். வாய்விட்டு, பல் தெரிய. "அரசி, பசிக்குது, தோசை ஊத்து" என்றார்.

சந்தோஷப்பட வேண்டியவள்தானே நான்? எனக்குப் பயம்தான் வந்தது. தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்துக்கொண்டே நெற்றியைப் பார்த்தேன். தலைவலியா என்று கேட்டேன், இல்லை என்றார். விரலை மடக்கச் சொன்னேன், நீட்டச் சொன்னேன். திரும்பி வந்துவிட்டது. சாகவில்லை அது. எங்கேயோ ஒளிந்திருந்து திரும்பி வந்துவிட்டது. தோசை தீய்ந்தது.

அக்டோபர் 16, வியாழன்

டாக்டர் ஷமீமுக்குப் போன் செய்தேன். "என்னங்கம்மா தொந்தரவு? வலிப்பா? வாந்தியா?"

"சிரிக்கறாருங்க" என்றேன்.

எப்போதிலிருந்து என்று கேட்டார். பிறகு, டிசம்பர் வரை காத்திருக்க வேண்டாம், சனிக்கிழமை காலை ஸ்கேனுக்குக் கூட்டி வாருங்கள் என்றார்.

தீபாவளிச் சமையல் சாமான் எல்லாம் அப்படியே கிடக்கிறது. இந்த முறை பஞ்சாங்கம் பார்க்கவில்லை. இன்றே எடுக்க முடியுமா என்றுதான் கேட்டேன்.

அக்டோபர் 18, சனி

எதற்கு ஸ்கேன் என்று இவர் கேட்கவே இல்லை. சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். உள்ளே படுக்கவைத்தபோது, கதவு மூடும்வரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன், எழுந்தேன், தண்ணீர் குடித்தேன், மறுபடி குடித்தேன். கோதையின் பஸ் கரூரைத் தாண்டிவிட்டதாக மெசேஜ் வந்தது. பதில் போட விரல் வரவில்லை.

டாக்டர் என்னை மட்டும் கூப்பிட்டார். பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டியிருந்தார். வட்டம் இருந்த இடத்தில் வட்டம் இல்லை. வீக்கம் இல்லை. அந்தப் பழைய சுண்ணாம்புப் பொட்டு மட்டும் இருந்தது, அது எப்போதும் இருக்குமாம், ஒன்றும் செய்யாதாம்.

"சுத்தமா இருக்குங்கம்மா. ரெண்டும் போயிருச்சு."

"அப்ப ஏனுங்க சிரிக்கறாரு?"

டாக்டர் ஷமீம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, "அதுக்கு என்கிட்ட மருந்து இல்லீங்கம்மா" என்றார்.

அந்த அறையிலிருந்து எப்படி வெளியே வந்தேன் என்று தெரியாது. ஆட்டோவில் ஏறியதும் இவர் டிரைவரிடம் பஸ் ஸ்டாண்டுக்குப் போகச் சொன்னார். கண்ணாடிக் கூடு மடியில் இருந்தது. ஆட்டோ பாலத்தில் ஏறும்போதுதான் கேட்டார்.

"டாக்டரம்மா என்ன சொன்னாங்க?"

"சுத்தமா இருக்குதாமுங்க. ஒண்ணுமே இல்லீங்களாமா."

"அப்ப நாந்தான்னு ஒத்துக்கோ" என்றார்.

நான் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன். டிரைவர் கண்ணாடியில் பார்த்து, வண்டியை மெதுவாக ஓட்டட்டுமா என்று கேட்டார். வேண்டாம், பஸ் வந்துவிடும், சீக்கிரம் போங்கள் என்றார் இவர்.